ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி: எங்கள் கடற்கரை கிளப்பின் பழைய ஆட்கள்

கேள்வி, ஜூன் 2, 2024

எங்கள் ஊர் ரோட்டரியில் பழைய உறுப்பினர்களைப் பற்றி மலர் போடுகிறார்கள். அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உட்கார்ந்து பார்த்தால் ‘பண்பாளர், சேவைச் செம்மல்’ என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. உண்மையைச் சொன்னால் கிளப்காரர் வாழ்க்கையில் எழுத அப்படி என்ன இருக்கிறது? வாரம் ஒரு சாப்பாடு, வருஷம் ஒரு முகாம், ஒரு மாலை, ஒரு போட்டோ. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

இருக்கிறது தம்பி. நீங்கள் தேடுகிற இடம்தான் சரியில்லை. பழைய மலர்களைப் புரட்டினால் எல்லோரும் ஒரே ஆள் மாதிரித்தான் இருப்பார்கள்: எளிமையானவர், இனிமையானவர், இன்முகத்தோடு வரவேற்பவர். கடனைத் திருப்பித் தராத ஆளுக்கும் இதையே எழுதியிருக்கிறோம், எழுதிக் கொடுத்தவனே நான்தான். அதை மூடி வைத்துவிட்டு மூன்று நோட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேடு, கூட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கிற மினிட்ஸ் நோட்டு, உறுப்பினர் பட்டியல். பட்டியலில் பெயருக்கு எதிரே ஒரு தொழில் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள்.

ரோட்டரி 1905 பிப்ரவரி 23-இல் சிகாகோவில் நான்கு பேரோடு ஆரம்பித்தது. பால் ஹாரிஸ் வக்கீல், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல்காரர். கூடியது பொறியாளருடைய ஆபீஸ் அறையில். பிறகு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் இடத்தில் மாறி மாறிக் கூடினார்கள், சுழல்வது என்று பொருள்படும் ரோட்டரி என்ற பெயரும் அப்படி வந்ததுதான். அந்தக் காலத்து விதி, ஒரு தொழிலுக்கு ஒரு ஆள். வக்கீல் ஒருவர் இருந்தால் இன்னொரு வக்கீலுக்கு இடமில்லை. பல வருஷத்துப் பட்டியலை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கடற்கரையில் எந்தத் தொழில் எப்போது வந்தது, எப்போது போனது என்பது தெரிந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு எதிரே என்ன தொழில் போட்டிருக்கிறது? அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

முதல் நான்கு பேரில் ஒருவர் தையல்காரர் என்றேன் அல்லவா? எங்கள் கிளப்பில் நான் அறிய ஒரு தையல்காரரும் சேர்ந்ததில்லை. ரெடிமேட் கடைக்காரர் இருந்தார்.

ஜூன் 3

நான் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். மெடிக்கல் ஷாப் வைத்திருந்தேன், இப்போது பையன் பார்க்கிறான். கிளப்பில் செயலாளராக இருந்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உள்ளே வந்த கதை இந்த நாற்காலி விதியோடு ஒட்டியது. எனக்கு முன்னால் மருந்துக்கடை நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் கடைக்கு எதிர்க்கடை. அவர் இருக்கும்வரை எனக்கு வழியில்லை. சேர்கிற ஆசையும் உண்மையில் பெரிதாக இல்லை, ஆனால் இடமில்லை என்று சொன்ன பிறகு வந்துவிட்டது. கடைசியில் அவரே ஒரு நாள் கடைக்கு வந்து, ‘நான் மொத்த வியாபாரம், நீ சில்லறை என்று எழுதிக் கொடுக்கிறேன், சேர்ந்துகொள்’ என்றார். அவர் மொத்த வியாபாரம் பண்ணியதே இல்லை. ஒரு அட்டை மாத்திரையை நான்காக வெட்டிக் கொடுக்கிற கடை.

வக்கீல்கள் இதில் கெட்டிக்காரர்கள். சிவில், கிரிமினல், வருமான வரி என்று ஒரே பார் அசோசியேஷனிலிருந்து மூன்று நாற்காலி பிடித்துவிட்டார்கள். பிற்பாடு விதியையே தளர்த்திவிட்டார்கள், இப்போது இந்த வேடிக்கை இல்லை.

ஜூன் 5

வருகைப் பதிவேட்டைப் பற்றி ஒன்று. அந்தக் காலத்தில் தொடர்ந்து நான்கு கூட்டம் வராவிட்டால் உறுப்பினர் பதவி போகும். ஆனால் ஒரு கூட்டத்துக்கு வர முடியாதவர் வேறு ஊர் கிளப்பில் போய் உட்கார்ந்து கையெழுத்து வாங்கி வந்தால் கணக்கில் சேரும். இதற்கு மேக்-அப் என்று பெயர். எங்கள் பழைய பதிவேட்டில் கீழக்கரை மரைக்காயர் ஒருவருக்கு ‘மேக்-அப், கொழும்பு’ என்று வரிசையாக இருக்கும். ரத்தினக்கல் வியாபாரம். ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து ரயில். கொழும்பு ரோட்டரி 1929-லேயே வந்துவிட்டது. பரமக்குடிக்குப் போய் மேக்-அப் வாங்கச் சோம்பல்படுகிற ஆட்கள் நடுவில் இவர் கடல் தாண்டி வாங்கி வந்தார்.

1984-இல் கப்பல் நின்றது. அந்த வருஷத்தோடு பதிவேட்டில் கொழும்பும் நின்றுவிட்டது. அப்புறம் கொஞ்ச நாளில் அவர் பெயரும் இல்லை. மலரில் ‘சொந்தக் காரணங்களால் விலகினார்’ என்று ஒரு வரி. என்ன சொந்தக் காரணம்? பாதி குடும்பம், பாதி முதலீடு இரண்டும் அக்கரையில் மாட்டிக்கொண்டால் மனுஷன் இங்கே வந்து மணி அடித்துக் கூட்டம் நடத்துவாரா?

ஜூன் 9

ஐஸ் கம்பெனி அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவர் போனில் சொன்னார். எழுதுகிறேன், ஆனால் அவர் கிளப்பில் தலைவராக இருந்ததே இல்லை, அதனால் சுவரில் மாட்டியிருக்கிற பலகையில் தேடாதீர்கள். தலைவராகச் சொன்னால், ‘மேடையில் ஏறினால் எனக்குப் பேச்சு வராது, வேறு யாரையாவது போடுங்கள்’ என்பார். சட்டையில் எப்போதும் மீன் வாடை. பக்கத்து நாற்காலியில் உட்கார நகைக்கடைக்காரர் முகம் சுளிப்பார், இவர் வேண்டுமென்றே அவர் பக்கத்திலேயே போய் உட்காருவார்.

போலியோ சொட்டு மருந்துக்கு ரோட்டரி உலக அளவில் இறங்கியது 1985-இல். நம் நாட்டில் ஒரே நாளில் எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கிற முகாம் 1995-இல் ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில் பந்தல், மஞ்சள் பேனர், குழந்தையின் விரலில் மை, இதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். யாருக்கும் ஞாபகம் இல்லாதது குளிர். சொட்டு மருந்து சூடு தாங்காது. குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். நம் மாவட்டத்து வெயிலுக்கும் கரண்ட் கட்டுக்கும் நடுவில் அதைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. முகாமுக்கு முதல் நாள் ராத்திரி ஐஸ் பெட்டிக்கு வைக்கிற பைகளை உறைய வைக்க அண்ணன் தன் கம்பெனியில் தனி இடம் ஒதுக்குவார். மீன் லோடுக்கு ஐஸ் பார் கேட்டு லாரிக்காரன் வாசலில் கத்திக்கொண்டிருப்பான். ‘முதலில் பிள்ளைகளுக்கு, அப்புறம் இறாலுக்கு’ என்பார். ஒரு முகாமிலும் அவரை போட்டோவில் பார்க்க முடியாது. அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார், ராத்திரி முழுக்க முழித்தவர்.

ஜூன் 10

‘போலியோவை ஒழித்தது ரோட்டரிதான்’ என்று பழைய மலர் ஒன்றில் போட்டதை ஒருவர் எடுத்து அனுப்பியிருக்கிறார். அப்படிச் சொல்லக் கூடாது. நாங்கள் பந்தல் போட்டோம், பணம் திரட்டினோம், ஆட்டோவில் மைக் கட்டினோம். வீடு வீடாக, கடற்கரைக் குடிசை குடிசையாகப் போனவர்கள் கிராமச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பெண்களும். நம் நாட்டில் போலியோ வந்த கடைசிக் குழந்தை 2011 ஜனவரி 13, ஹவுராவில். 2014 மார்ச் 27-இல் இனி இங்கே போலியோ இல்லை என்று சான்று வந்தபோது நாங்கள் கேக் வெட்டினோம். அந்தச் செவிலியர்களைக் கூப்பிட்டோமா என்றால், மினிட்ஸில் இல்லை.

ஜூன் 16

சைக்கிள் கடைக்காரர். பட்டியலில் ‘சைக்கிள், வாடகை மற்றும் விற்பனை’. ஆனால் அவர் பிறப்பால் சைக்கிள்காரர் இல்லை. தனுஷ்கோடியில் கப்பல் சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கிற இடத்தில் எழுத்தராக இருந்தவர். போட் மெயில் சென்னையிலிருந்து வந்து கப்பலோடு சேருகிற துறைமுகம் அது. தபால் ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் எல்லாம் போயிற்று, ரயில் உட்பட. இவர் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்காக ராமநாதபுரம் வந்திருந்தார். திரும்பிப் போக ஊர் இல்லை. வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது.

இதை எல்லோரும் எழுதுவார்கள். கிளப்பில் அவர் எப்படி இருந்தார் என்பது வேறு. ஐப்பசி பிறந்தால் போதும், எந்தக் கூட்டமானாலும் முதலில் ரேடியோவில் கேட்ட வானிலையைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். பல கிளப்புகளுக்கும் மேலே இருக்கிற ரோட்டரி மாவட்ட கவர்னர் வருகை தரும் கூட்டமாக இருந்தாலும் சரி. மாவட்ட கவர்னர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, ‘வாடைக்காற்று திரும்பியிருக்கிறது, தெற்கே ஒரு தாழ்வு நிலை இருக்கிறது, கூட்டத்தைச் சுருக்கமாக முடிக்கலாம்’ என்று சொன்னது எங்களுக்கு அவமானமாக இருந்தது. கவர்னர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், சிரித்துவிட்டுச் சுருக்கமாக முடித்தார். அன்றைக்கு மழைகூட வரவில்லை.

அதே புயலில் உடைந்த பாம்பன் ரயில் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்தார் என்று யாராவது பெருமையாகப் பேசினால் இவர் தலையாட்டுவார். ‘பாலம் வந்துவிட்டது, சரக்கு எங்கே?’ என்பார். மற்றவர்கள் அதைப் புலம்பல் என்று எடுத்துக்கொண்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பாலம் ராமேஸ்வரத்துக்கு வந்தது, தனுஷ்கோடித் துறைமுகத்துக்கு யார் வந்தார்கள்?

ஜூன் 17

சைக்கிள் கடைக்காரர் அன்றைக்கு ராமநாதபுரம் வந்தது கல்யாணத்துக்கு இல்லை, சீமந்தத்துக்கு என்று அவர் வீட்டிலிருந்து தகவல். சரி, சீமந்தம்.

ஜூன் 23

கண் முகாம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு காலம் உண்டு, கலந்து எழுதாதீர்கள்.

முதல் காலத்தில் ஆபரேஷன் ஊரிலேயே நடக்கும். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் கிடைக்கும், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஆபரேஷன் அறை, வகுப்பறைகளில் பாய். புரையை எடுத்துவிட்டுக் கட்டுப் போட்டால் நாள் கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும், தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை. கடினமானதை மெல்லக் கூடாது, இருமக் கூடாது. பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அதில் எல்லாம் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் காலமெல்லாம் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து வேலை செய்த ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ‘தரை மேலே வருது தம்பி, காலை எங்கே வைக்க’ என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன்.

இரண்டாம் காலத்தில் முகாமில் பரிசோதனை மட்டும். பஸ் வைத்து மதுரைக்குக் கூட்டிப் போய், கண்ணுக்குள் லென்ஸ் வைத்து, இரண்டு மூன்று நாளில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் ஆஸ்பத்திரி பெரிதாக வளர்ந்ததால் வந்த மாற்றம் இது. அவர் கை விரல்கள் மூட்டுவாதத்தில் மடங்கிப்போனவை, அந்த விரல்களோடு ஆபரேஷன் செய்தார். எங்கள் வேலை ஆள் சேர்ப்பது, பஸ் ஏற்றுவது, சாப்பாடு என்று சுருங்கிவிட்டது. சுருங்கியது நல்லதுக்குத்தான். பழைய ஆட்கள் சிலருக்கு மட்டும் வருத்தம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் தங்கி நடத்தியது திருவிழா மாதிரி இருந்ததாம். அவர்களுக்குத் திருவிழா, படுத்துக் கிடந்தவருக்கு?

அந்த ஒரு வாரமும் கஞ்சி காய்ச்சியது யார்? உறுப்பினர்களின் மனைவிமார். எங்கள் பக்கம் அவர்களை ‘ஆன்’ என்று அழைப்பார்கள். 1914-இல் ஹூஸ்டன் மாநாட்டுக்கு ரயிலில் போன ரோட்டரிக்காரர் ஒருவர் மனைவியின் பெயர் ஆன், அதுவே எல்லா மனைவிக்கும் ஒட்டிக்கொண்டது. என் வீட்டில் இதைச் சொன்னபோது, ‘அந்த அம்மா ரயிலில் போனாள், நான் அடுப்படியில் நிற்கிறேன், எனக்கு எதற்கு அவள் பெயர்’ என்று கேட்டாள். விசேஷங்களில் முன்வரிசையில் உட்கார வைத்து ஒரு சந்தன மாலை போடுவோம். அந்தக் காலத்தில் உறுப்பினராகச் சேர்க்க முடியாது. அமெரிக்காவில் ஒரு கிளப் மூன்று பெண்களைச் சேர்த்ததற்கு அந்தக் கிளப்பையே நீக்கினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1987-இல்தான் தீர்ந்தது. 1989-இல் ரோட்டரி விதியை மாற்றியது. எங்களுக்கு முதல் பெண் உறுப்பினர் வர அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆனது. அவர் டாக்டர். அவர் வந்த முதல் கூட்டத்தில் யாரோ பழக்க தோஷத்தில் ‘டாக்டரம்மா, காபி எங்கே’ என்று கேட்டுவிட்டார். ‘நானும் அதுக்குத்தான் காத்திருக்கிறேன்’ என்றார் அந்த அம்மா. மினிட்ஸில் இதைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னேன், விடவில்லை.

ஜூலை 2

நேற்று புது வருஷம் பிறந்தது. கிளப் கணக்கில் ஜூலை 1-தான் சித்திரை ஒன்று. பதவியேற்பு விழா அழைப்பிதழ் வந்திருக்கிறது, பெயர்களுக்குப் பின்னால் பி.எச்.எப். என்று போட்டிருக்கிறது. யாரோ ஒருவர் அது என்ன படிப்பு என்று கேட்டிருக்கிறார். படிப்பு இல்லை. பால் ஹாரிஸ் பெலோ. ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 டாலர் கொடுத்தால் கிடைக்கும், அல்லது நம் பெயரில் மற்றவர்கள் கொடுத்தாலும் கிடைக்கும். நல்ல காரியத்துக்குப் போகிற பணம், குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் பி.ஏ., பி.எல்., பி.எச்.எப். என்று பார்த்தால் சிரிப்பை அடக்க முடிவதில்லை, செத்தவர் என் சிநேகிதராகவே இருந்தாலும்.

லயன்ஸ் கிளப்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் பக்கத்துக் கதையும் தெரியும். ஒரே சுவரில் இரண்டு கண் முகாம் விளம்பரம், ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பாட்டி இரண்டு பந்தலிலும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

ஜூலை 7

இன்று எழுதப்போவதை மலரில் போட மாட்டார்கள், அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். ஓவர்சீயர். பஞ்சாயத்து யூனியனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டியலில் ‘பொறியியல், ஓய்வு’. மெலிந்த உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு அளவு டேப். அவரைப் பிடித்தவர்கள் கிளப்பில் குறைவு. கணக்கில் ஐம்பது ரூபாய் இடித்தால் கூட்டத்தையே நிறுத்திவிடுவார்.

கிளப்பில் ஒரு வருஷம் கொஞ்சம் பணம் சேர்ந்தது. கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குத் தண்ணீர் ஏற்பாடு செய்து கொடுப்பது என்று முடிவு. அது காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முந்தைய காலம். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையில் மொண்டு குடம் நிரப்புவார்கள், ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைவர் ஆழ்துளைக் கிணறு போடலாம் என்றார். போர் வண்டி வரும், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், போட்டோ நன்றாக இருக்கும். ஓவர்சீயர் எழுந்து வேண்டாம் என்றார்.

அவர் சொன்னதை மினிட்ஸில் ஒரு வரியாகச் சுருக்கிவிட்டார்கள். ஆனால் நான் கேட்டேன், இன்றைக்கும் மனசில் இருக்கிறது. கடற்கரை மணல் மேட்டில் பெய்கிற மழை கீழே இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீருக்கு எடை குறைவு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மேலே அரை அடி இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உப்பு 20 அடி ஏறும். ‘ஆழமாகப் போட்டு மோட்டார் வைத்து இழுத்தால் முதலில் நல்ல தண்ணீர் வரும், கைதட்டுவீர்கள். பிறகு உப்பு வரும், அப்போது நாம் அங்கே இருக்க மாட்டோம்’ என்றார். சிமெண்ட் வளையங்களை இறக்கி உறை கிணறு போடுங்கள், ஆழம் வேண்டாம், அகலமாக இரண்டு மூன்று தள்ளித் தள்ளிப் போடுங்கள், கயிறும் வாளியும் போதும், மோட்டார் வேண்டவே வேண்டாம் என்றார்.

ஓட்டுக்கு விட்டார்கள். அவர் பக்கம் ஐஸ் கம்பெனி அண்ணனும் நானும். தோற்றுப்போனோம். ஐஸ் அண்ணனுக்கு உப்புத் தண்ணீர் பற்றித் தெரியும், அவர் கம்பெனிக்கே நல்ல தண்ணீர் லாரியில் வந்தது. நான் ஓவர்சீயரின் பேச்சில் மயங்கி ஓட்டுப் போட்டேன், அவ்வளவுதான்.

போர் போட்டார்கள். தண்ணீர் வந்தது, நன்றாகவே இருந்தது. சில வருஷம் ஓடியது. அப்புறம் சப்பென்று ஆனது, அப்புறம் கரித்தது, கடைசியில் துணி துவைக்கக்கூட ஆகவில்லை. கல்வெட்டு மட்டும் இன்னும் இருக்கிறது, திறந்து வைத்தவர் பெயரோடு. ஆடு கட்டுகிறார்கள்.

நான் எழுத வந்தது அதற்குப் பின்னால் நடந்ததை. ஓவர்சீயர் ‘அன்றைக்கே சொன்னேன்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதே கிராமத்தில் தன் ஓய்வூதியத்திலிருந்து சிமெண்ட் உறை வாங்கிப் போட்டு, ஊர்ப் பையன்களை வைத்துத் தோண்டி ஒரு கிணறு போட்டார். கிளப்பில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததே அந்த ஊர்க்காரி ஒருத்தி மருந்து வாங்க வந்தபோது, ‘டேப் சார் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறோம்’ என்று சொன்னதால். கல்வெட்டு இல்லை.

ஜூலை 8

இரவெல்லாம் யோசித்தேன். ஓவர்சீயரைப் பற்றி எழுதியது அவரை மகான் ஆக்கிவிட்டதோ என்று. மகான் இல்லை. கடுகடுப்பானவர். புது உறுப்பினர் ஒருவர் முகாமுக்கு வாங்கிய ரொட்டிக்குப் பில் கொண்டுவரவில்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, அந்தப் பையன் அன்றோடு வருவதை நிறுத்திவிட்டான். நல்ல பையன். வீட்டிலும் அவரோடு பேச்சுவார்த்தை குறைவு என்று கேள்வி. அவர் கிணறு போட்ட பணம் பெண்ணின் வளைகாப்புக்கு வைத்திருந்தது என்று ஒரு பேச்சு உண்டு, அது உண்மை என்றால் அந்த வீட்டில் அந்தக் கிணற்றைப் பற்றி வேறு மாதிரித்தான் பேசுவார்கள்.

அதேபோல் அந்தத் தலைவரையும் வில்லனாக்க வேண்டாம். பெண்கள் குடத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட முடியாமல் எழுந்தவர் அவர். சீக்கிரமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவசரம். போட்டோ ஆசையும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும்.

ஜூலை 14

‘உங்கள் பட்டியலில் மீனவர் எத்தனை பேர்’ என்று பாம்பனிலிருந்து ஒருவர் நறுக்கென்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கடற்கரை கிளப், ஐஸ் கம்பெனி உண்டு, வலைக் கடை உண்டு, டீசல் பங்க் உண்டு, படகு இன்ஜின் ஏஜென்சி உண்டு, மீன் ஏற்றுமதி உண்டு. மீன் பிடிக்கிறவர் வெகுகாலம் இல்லை. விதியில் தடை எதுவும் இல்லை. அந்தத் தொழிலுக்கான நாற்காலி காலியாகவே இருந்தது, யாரும் அவர்களைப் போய்க் கேட்கவில்லை.

காரணம் கேட்டால் சந்தா என்பார்கள், கூட்ட நேரம் என்பார்கள். நேரம் கொஞ்சம் உண்மைதான். வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிற கடலில் நாங்கள் கூட்டம் வைத்த ராத்திரி படகு கடலில் நிற்கும். கூட்ட நாளை மாற்றலாமே என்றால் ஜவுளிக்கடைக்காரருக்கு ஒத்துவராது. இப்படியே போயிற்று. பிற்பாடு ஒரு சம்மாட்டி சேர்ந்தார், நான்கைந்து படகு உள்ளவர், பட்டியலில் ‘கடல் உணவு’ என்று கௌரவமாகப் போட்டுக்கொண்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாளும் நூற்றுக்கு நூறு வருகை. தடை நீங்கினால் ஆளைக் காணோம். சிறந்த வருகைக்கான பரிசை மே மாதத்தில் கொடுங்கள் என்று அவரே சிரிப்பார். ஒரு தடவை எங்கள் மருத்துவ முகாமைக் கடற்கரையில் காலை பத்து மணிக்கு வைத்தோம். ‘கரைக்கு வந்த ஆள் அப்போது தூங்குவான், பெண்கள் ஏலத்தில் நிற்பார்கள், யாருக்கு முகாம்?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு சாயங்காலம் வைத்தோம், கூட்டம் தாங்கவில்லை. எத்தனையோ வருஷம் முகாம் நடத்திய எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஜூலை 28

பட்டியலில் வந்து போன தொழில்களைக் கேட்டார்கள். நினைவிலிருந்து, வரிசை இல்லாமல்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இருந்தது, 1971-இல் கொச்சிக்குப் போய்விட்டது. இப்போது இங்கே இருப்பது பிராந்திய மையம். அங்கிருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட விஞ்ஞானி ஒருவர் எங்கள் கிளப்புக்கு வந்து போவார். ஒரு கூட்டத்துக்குக் கஞ்சிப்பாசி கொண்டுவந்து காய்ச்சி இனிப்பாகச் செய்து கொடுத்தார். ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற அகர் எடுக்கிறார்களே, அதற்கு மரிக்கொழுந்துப் பாசிதான் ஒசத்தி, நம் தீவுகளில் பெண்கள் மூழ்கி மூழ்கி எடுப்பது அதுதான் என்று விளக்கினார். பாதிப் பேர் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். கீழக்கரைக்காரர்கள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், நோன்புக்கு அவர்கள் வீட்டில் செய்கிற கடல்பாசிதானே.

கரிமூட்டக்காரர் ஒருவர் இருந்தார், சீமைக்கருவேல மரத்தை வெட்டி எரித்துக் கரியாக்கிக் காசு பார்த்தவர். மரம் நடும் விழாவுக்கு அவரைத்தான் தலைமை தாங்கச் சொன்னோம். யாருக்கும் அதில் வேடிக்கை தெரியவில்லை.

இறால் பண்ணைக்காரர்கள் தொண்ணூறுகளில் திடீரென்று வந்தார்கள். காரும் வந்தது, கிளப் சாப்பாட்டில் ஐஸ்கிரீமும் வந்தது. நோய் வந்து குட்டைகள் போயின, 1996 டிசம்பரில் கடற்கரைப் பண்ணைகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, பட்டியலிலிருந்து பெயர்கள் போயின. எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவருக்கு ‘தொலைத்தொடர்பு’ என்று ஒரு நாற்காலி இருந்தது, அதுவும் போயிற்று. அவர் இப்போது செல்போன் ரீசார்ஜ், நன்றாக இருக்கிறார்.

ஆகஸ்ட் 11

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு எதிரே ‘அச்சகம்’ என்று இருந்ததாம். பழைய பில் புத்தகங்களைத் தேடி எடுத்திருக்கிறார். கிளப் நோட்டீஸ் எல்லாவற்றையும் அப்பா பாதி விலைக்கு அடித்துக் கொடுத்திருக்கிறார், லயன்ஸ் நோட்டீஸையும் அதே விலைக்கு. இதை எழுதலாமா, கிளப்காரர்கள் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்கிறார். எழுதுங்கள் தம்பி. கோபித்துக்கொண்டால் அவர்களுக்கும் முழு விலை போட்டிருக்கலாமே என்று கேளுங்கள். அச்சுக் கோக்க எழுத்துப் பெட்டியிலிருந்து எழுத்துப் பொறுக்கியது யார், எந்த எழுத்து அடிக்கடி தீர்ந்துபோகும், தேர்தல் காலத்தில் யாருடைய நோட்டீஸைத் திருப்பி அனுப்பினார், கடன் வைத்தது யார் என்பதையும் வீட்டில் கேட்டு எழுதுங்கள். இரண்டு பக்கம் போதாது.

என் பங்குக்கு ஓவர்சீயர் பகுதியை மலர்க் குழுவுக்கு அனுப்பினேன். போர் பற்றிய பத்தியை எடுத்துவிட்டால் போடலாம் என்றார்கள். எடுத்தால் கிணறு எதற்கு என்று யாருக்கும் புரியாது, அதனால் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. உறை கிணற்றில் எத்தனை உறை, சித்திரை வைகாசியில் தண்ணீர் எந்த உறை வரை நிற்கிறது, இப்போதும் குடிக்கிறார்களா அல்லது பைப் தண்ணீர் வந்த பிறகு விட்டுவிட்டார்களா என்று பார்த்து எழுதுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டே எழுதுங்கள், கேள்விப்பட்டது வேண்டாம்.